இரண்டாம் பந்தி

ஊசி போட்டுக்கொண்டாள், நான் பார்த்தேன், இனி சோறு வர வேண்டும். வகுப்பின் கடைசியில், சுவரோரமாக, வாசலில் எனக்குக் கொடுத்த பழுப்புச் செருப்பு கழன்றுவிடாமல் கால்விரல்களைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இந்த ஜப்பான் பள்ளிக்கூடத்தில் தெருச் செருப்போடு உள்ளே வரக்கூடாது. கோயில் மாதிரி வாசலில் கழற்ற வேண்டும், ஆனால் கோயில் மாதிரி வெறுங்காலோடும் இருக்க விடமாட்டார்கள், இன்னொரு செருப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். யாருடைய கால் இதற்குள் கடைசியாக இருந்ததோ. அது இருக்கட்டும். எங்கள் ஊரில் என் மகள் மிருதுளா கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டுதான் இன்சுலின் போடுவாள். நாலு பேர் பார்த்தால் நாலு விதமாகப் பேசுவார்கள், நாளைக்கு இன்னொருவர் வீட்டுக்குப் போக வேண்டிய பெண் என்று நான்தான் சொல்லி வைத்தது. இங்கே வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருக்கும்போதே, பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியைப் பையிலிருந்து எடுத்து, சட்டை ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, பென்சில் சீவுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகப் போட்டுக்கொண்டாள். பக்கத்து மேஜைப் பெண் கொதோனே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பயத்தாலா, அருவருப்பாலா, இல்லை மறைவு கொடுப்பதற்காகவா? ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். ஒரு இலை இல்லை, ஆனால் கிளை முழுக்கத் தக்காளி தொங்குகிறது. தக்காளி மரத்தில் காய்க்காது என்று எனக்குத் தெரியும், ஆனால் வேறு என்ன சொல்ல. பழுத்து நிற்கிறது, ஒரு பிள்ளையும் கல்லெடுத்து அடிக்கவில்லை. எப்படி அடிக்காமல் இருக்கிறார்கள்? மிரு ஊசியை மூடிப் பையில் வைத்ததும் கொதோனே மெதுவாக முகத்தைத் திருப்பினாள், ஏதோ கேட்டாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். எந்தப் பாஷையில் சிரித்தார்களோ. அப்படியானால் அது மறைவு கொடுத்ததுதான். இருக்கலாம். தெரியவில்லை.

நான் ஏழாவதோடு நின்றவள். எனக்கு இங்கே வேலையே கிடையாது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பான்காரக் கம்பெனி இருக்கிறது, அவர்கள் செலவில் எங்கள் பள்ளியிலிருந்து எட்டுப் பிள்ளைகளை இங்கே அனுப்புகிறார்கள், அடுத்த வருஷம் இங்கிருந்து எட்டுப் பேர் அங்கே வருவார்கள். கட்டுரை எழுதித்தான் மிருவுக்கு இடம் கிடைத்தது. கிடைத்த பிறகுதான் அவளுக்கு இருக்கிற சர்க்கரை வியாதி எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கூட்டி வரும் ஜெனிட்டா டீச்சர், "ஊசின்னாலே எனக்குக் கை நடுங்கும்க்கா, நீங்களும் வந்துடுங்க, இல்லன்னா நான் பொறுப்பேத்துக்க மாட்டேன்" என்றுவிட்டார். அப்படி வந்ததுதான் நான், பெட்டிக்குள் ஐஸ் பை வைக்கிற மாதிரி, மருந்தோடு சேர்த்து. இன்று காலையில் விடுதி வாசலில் மிரு என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "ம்மா, கிளாஸ்ல என் கிட்ட வரக்கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. சுகர் பார்த்தியா, சுகர் பார்த்தியான்னு கேக்கவே கூடாது." சரி என்றேன். "சத்தியமா?" சத்தியமாக. அப்புறம் குரலை இறக்கி, "இன்னிக்கு ராத்திரி எல்லாரும் அவங்கவங்க ஃப்ரெண்டு வீட்டுக்குத் தங்கப் போறாங்க. கொதோனே வீட்ல எனக்குத் தனியாப் படுக்கையே வாங்கி வச்சிருக்காங்களாம். நான் போறேன்ம்மா" என்றாள். மத்தியானம் சொல்கிறேன் என்றேன். மத்தியானம் ஆகிவிட்டது. இன்னும் சொல்லவில்லை. தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? வேர்வையை யார் தொட்டுப் பார்ப்பார்கள்? நான் என்றால் அவள் புரண்டு படுக்கும் சத்தத்திலேயே எனக்குத் தெரியும், நல்ல புரளல் ஒன்று, கெட்ட புரளல் ஒன்று. இதை எந்தப் பாஷையில், யாரிடம், எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்? வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். அவள் அழமாட்டாள். அழுதால்கூடப் பரவாயில்லை, சரிம்மா என்பாள்.

சோறு வந்துவிட்டது. அப்பாடா. கொண்டு வந்தது ஆயா இல்லை, பிள்ளைகளே. நாலைந்து பேர் வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, வாயில் துணி கட்டிக்கொண்டு, ஆபரேஷன் செய்யப் போகிறவர்கள் மாதிரி, பெரிய பெரிய பாத்திரங்களை இரண்டு இரண்டு பேராகத் தூக்கி வருகிறார்கள். மற்ற பிள்ளைகள் மேஜைகளைத் தள்ளி எதிரெதிராகப் போட்டுக்கொள்கிறார்கள். ஒருவன் சோறு வைக்கிறான், ஒருத்தி குழம்பு மாதிரி ஒரு சாற்றை ஊற்றுகிறாள், ஒருவன் வறுத்த மீன், ஒரு துண்டுதான், பெரிதாகவும் இல்லை சிறியதாகவும் இல்லை, எல்லாம் ஒரே அளவு. எனக்குச் சத்துணவு வாசம் ஞாபகம் வருகிறது. இங்கே அந்த வாசம் இல்லை, ஆனாலும் வருகிறது. வெந்த அரிசியும் ஈரச் சிமெண்டுத் தரையும் கலந்த வாசம். வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்போம், முழங்காலில் தட்டு. என் தட்டு அலுமினியம், பாத்திரக் கடையில் கொடுத்துப் புள்ளிப் புள்ளியாக 'அஞ்சுகம்' என்று வெட்டியது. அம்மாவுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்த வாரம் வீட்டிலேயே இருந்துவிடு என்றார்கள், அந்த வாரம் முடியவே இல்லை, தட்டு பள்ளி அலமாரியிலேயே தங்கிவிட்டது. அதில் யார் சாப்பிட்டிருப்பார்கள்? என் பேரின் மேல் சோறு போட்டுச் சாப்பிட்டவள் அதை வாசித்திருப்பாளா? இதோ ஒரு பையன் என் பக்கம் வருகிறான். தட்டம் முழுக்கச் சோறு, சாறு, மீன், ஒரு பால் டப்பா. எனக்கு முன்னால் காலியாகக் கிடக்கும் மேஜையில் வைத்துக் குனிகிறான், நானும் குனிகிறேன். யாருடைய இடம் இது? காய்ச்சலென்று ஒரு பிள்ளை வரவில்லையோ? இல்லை எனக்கா? எனக்கென்றால் இப்போது எதற்கு, பிள்ளைகளில் இன்னும் பாதிப் பேருக்கு வரவில்லையே. தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரிமாறுகிற மேஜையிலேயே வைத்துவிட்டு, "பிள்ளைங்களுக்கு முதல்ல, தம்பி" என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்து சுவரோரம் நிற்கிறேன். அவன் வாய்த்துணிக்கு மேலே கண்ணை உருட்டி என்னைப் பார்க்கிறான். கொஞ்ச நேரத்தில் மறுபடி கொண்டு வந்து அதே மேஜையில் வைத்து, முன்பைவிட ஆழமாகக் குனிகிறான். பிடிவாதக்காரன். சரி, இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். எங்கள் வீட்டில் நான் எப்போது சாப்பிடுகிறேன் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

எல்லோருக்கும் வைத்தாகிவிட்டது. பரிமாறியவர்களும் தொப்பியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரும் சாப்பிடவில்லை. கைகள் மடியில். முதுகுகள் நிமிர்ந்து. ஷப்னம்கூட, எங்கள் பள்ளியிலிருந்து இந்த வகுப்புக்கு வந்த இன்னொரு பெண், விமானத்தில் தூக்கத்திலும் பேசிக்கொண்டிருந்தவள், அவளும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாமி கும்பிடுகிறார்களோ? கண் திறந்துதான் இருக்கிறது. இல்லை, பெரியவர் ஒருவர் முதலில் ருசி பார்க்க வேண்டுமோ? நான் படித்த பள்ளியிலும் சத்துணவை டீச்சர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் போடுவார்கள், கமலா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு மருந்து மாதிரி விழுங்குவார். இங்கே வாத்தியார் மொரிட்டா சார், சின்ன வயசுதான், அவர் முன்னாலும் ஒரு தட்டம் இருக்கிறது, அவரும் தொடவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். உள்ளங்கையை விரித்து எனக்கு முன்னால் இருக்கும் தட்டத்தைக் காட்டுகிறார், எங்கள் சாப்பாட்டைப் பாருங்கள், எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று காட்டுகிறார் போல. நன்றாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டுகிறேன். அவர் பாதி எழுந்து, என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்கிறார். சாற்றிலிருந்து எழும் ஆவி மெலிந்துகொண்டே வருகிறது. சோற்றை ஆறவிட்டுச் சாப்பிடுவது இவர்கள் வழக்கமோ? எவ்வளவு நேரம் ஆறவிடுவார்கள்? கரும்பலகைக்கு மேலே கடிகாரம். பார்க்காதே. பார்த்துவிட்டேன். ஊசி போட்டபோது முள் எங்கே இருந்தது? பார்த்து வைக்கவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தக்காளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நான் ஒரு முட்டாள். ஊசி போட்டதும் மருந்து உள்ளே போய்ச் சர்க்கரையைத் தேட ஆரம்பிக்கும், சோறு வந்துவிட வேண்டும், வராவிட்டால் இருப்பதை எல்லாம் தின்றுவிடும் என்று வியாதி தெரிந்த அன்றைக்கு டாக்டரம்மா சொன்னார். வேட்டை நாய் மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன். அவிழ்த்துவிட்டாகிவிட்டது. மிருவின் உடம்புக்குள் இப்போது அது ஓடிக்கொண்டிருக்கிறது.

காஞ்சிபுரத்தில் நாத்தனார் மகன் கல்யாணம். அதை நினைக்காதே. மிருவுக்கு அப்போது பத்து வயசு. பந்தி போட்டார்கள், முதல் பந்தியில் இடம் கிடைத்துவிடும் என்று மாடி அறையில் ஊசியைப் போட்டுக் கூட்டி வந்தால் நாற்காலி எல்லாம் நிரம்பிவிட்டது. ஒரு ஆளின் நாற்காலிக்குப் பின்னால் நின்று முதுகுப் பலகையைப் பிடித்துக்கொண்டேன், இவர் எழுந்தால் நமக்கு. எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள், சாப்பிடுகிறவர் கழுத்தில் நம் மூச்சு படும்படி. அந்த ஆள் எழவே இல்லை. உள்ளங்கையில் ரசம் வாங்கி உறிஞ்சினார், மறுபடி கை நீட்டினார். "அண்ணே, கொழந்தைக்குப் பசி" என்றேன். "பசின்னா இன்னாம்மா, நாங்க இன்னா விடிய விடியவா துண்ணப் போறோம்?" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மிரு என் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடி தளர்ந்ததுதான் எனக்கு முதலில் தெரிந்தது. பிறகு தரையில் சிந்திய பாயசத்தின் மேல் அவள் கிடந்தாள், உதட்டுக்கு மேலே முத்து முத்தாக வேர்வை, கண் மேலே சொருகி. சமையல்கட்டிலிருந்து யாரோ சர்க்கரையை அள்ளி வந்தார்கள், நான் ஈறில் தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து உட்கார்ந்து அவள் கேட்ட முதல் கேள்வி, "நமக்கு எடம் கெடைச்சுதாம்மா?"

இப்போது அவள் முதுகுதான் தெரிகிறது. இரட்டைப் பின்னல், நடுவில் வகிடு, காலையில் நான் எடுத்தது, கொஞ்சம் கோணல். தோள் அசைகிறதா? நடுங்குகிறதா, மூச்சுத்தானா? ஏன் ஒருவரும் சாப்பிடவில்லை? யாரோ ஒருவர் சொன்னால் போதுமே, சாப்பிடுங்கள் என்று. எந்தப் பெரிய மனிதர் வர வேண்டும் இவர்களுக்கு? வாசலைப் பார்க்கிறேன், ஒருவரும் வரவில்லை. ஜெனிட்டா டீச்சர் பக்கத்து வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு. மிரு கழுத்தைத் திருப்பி என்னைப் பார்க்கிறாள். கண்ணால் கீழே காட்டுகிறாள், மறுபடி என்னைப் பார்க்கிறாள், கீழே காட்டுகிறாள். புரிகிறது, சத்தியத்தை ஞாபகப்படுத்துகிறாள், அங்கேயே நில், வராதே. நிற்கிறேன்டி, நின்றுகொண்டுதானே இருக்கிறேன். ஆனால் உதடு வெளுத்திருக்கிறதே. வெளிச்சத்தாலா? இந்த ஊர் வெளிச்சமே வெளுப்பு. கொதோனேவும் திரும்பி என்னைப் பார்க்கிறாள். அவள் பின்னால் இருக்கும் பையன் பார்க்கிறான். ஒவ்வொன்றாக முகங்கள் திரும்புகின்றன, கோபம் இல்லாத, அவசரம் இல்லாத, கழுவி வைத்த மாதிரி முகங்கள். எதற்கு என்னைப் பார்க்கிறார்கள்? ஊரில் தலையில் வைத்து வந்த கனகாம்பரம் இன்னும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். புடவை சரியாகத்தான் இருக்கிறது. என் மகளைப் பட்டினி போட்டு உட்கார வைத்துவிட்டு என்ன வேடிக்கை பார்க்கிறார்கள்? ராத்திரியும் இப்படித்தான் உட்கார வைப்பார்கள், ஊசி போட்ட பிறகு யாருக்காகவோ காத்திருக்க வைப்பார்கள், நான் விடுதியில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பேன். மாட்டேன். சத்தியமாவது ஒன்றாவது. கைப்பைக்குள் குளுக்கோஸ் பொட்டலத்தைத் தேடி எடுத்துவிட்டேன். நடக்கிறேன். ஒரு செருப்பு கழன்று பின்னால் தங்கிவிடுகிறது, தங்கட்டும், ஒற்றைச் செருப்போடு மேஜைகளுக்கு நடுவில் சரக் சரக் என்று போகிறேன். ஷப்னத்துக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஆன்ட்டி! எங்க போறீங்க? போய் உக்காருங்க ஆன்ட்டி, எனக்குக் கொடல் கத்துது!"

"நான் எதுக்குடி உக்காரணும்? இவளுக்கு ஊசி போட்டாச்சு. இவங்க யாருக்காகக் காத்துட்டிருக்காங்க?"

"உங்களுக்குத்தான்!"

"எனக்கா?"

மிரு பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல் சொல்கிறாள். "அந்தக் கடைசித் தட்டு உன்னுது. எல்லாரும் உக்காந்தாதான் சேர்ந்து ஆரம்பிப்பாங்க. எவ்ளோ நேரமா கண்ணைக் காட்றேன். கல்யாணத்துல நின்ன மாதிரி இங்கயும் பின்னாடி போய் நிக்கிற. இங்க ரெண்டாவது பந்தியெல்லாம் கெடையாதும்மா. ஒரே பந்திதான்."

எனக்காக. இவ்வளவு நேரமும். ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டே இருந்த ஆள் நான்தான். குளுக்கோஸ் பொட்டலத்தோடு அப்படியே நிற்கிறேன். "நீ... உனக்கு..." "ம்மா. போ." திரும்பி நடக்கிறேன், அந்தப் பிடிவாதக்காரப் பையன் கழன்ற செருப்பை என் மேஜைக்குக் கீழே, கால் நுழைக்கத் தோதாக, திருப்பி வைத்திருக்கிறான். உட்கார்கிறேன். முழங்கால் மேஜையில் இடிக்கிறது. பள்ளிக்கூட மேஜை இவ்வளவு சின்னதா? உட்கார்ந்த அந்த நொடியே முன்னால் ஒரு பெண் கைகளைக் கூப்பி ஏதோ சொல்ல, வகுப்பு முழுக்க ஒரே குரலில் அதைச் சொல்லி, ஒரே நேரத்தில் குச்சிகள் எழுகின்றன. மிருவின் முழங்கை எழுந்தது. ஒரு வாய். இன்னொரு வாய். போகட்டும், மென்று சாப்பிடு, இல்லை, சீக்கிரம் சாப்பிடு. எனக்கு அவள் முகம் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டால் பின்னல் மட்டும்தான் தெரிகிறது. நின்றால் தெரியும், ஆனால் நின்றால் எல்லோரும் மறுபடி நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அப்போது அவள் திரும்பாமலே இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு வந்து உள்ளங்கையை விரிக்கிறாள். கசங்கிய ஆரஞ்சு மிட்டாய்க் காகிதம். எப்போது? நான் வாசலைப் பார்த்தபோதா, கடிகாரத்தைப் பார்த்தபோதா? நான் மனசுக்குள் நாற்காலிப் பலகையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்யாண மண்டபத்தில் நின்ற நேரத்தில் இவள் இங்கே பாக்கெட்டிலிருந்து மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஓசைப்படாமல் கரைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரையும் எழச் சொல்லாமல். கை மூடிக்கொண்டு முன்னால் போய்விட்டது.

எனக்கு மட்டும் கரண்டி வைத்திருக்கிறார்கள். சோற்றை எடுத்து வாயில் வைக்கிறேன். உப்பு இல்லை, வெறும் சோறு, கொஞ்சம் ஒட்டுகிறது, ஆனால் சூடு இன்னும் அடியில் இருக்கிறது. பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நானும் சாப்பிடுகிறேன், இது என்ன ருசி என்று தெரியவில்லை. சாற்றில் கடல் வாசம். மீனில் முள் இருக்கிறது, அதை என்ன செய்வது, பக்கத்துப் பையன் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைக்கிறான், நானும் வைக்கிறேன். பால் டப்பாவைத் திறக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அவன் தன் டப்பாவை மெதுவாக, நான் பார்க்கும்படி, இன்னொரு முறை மடித்துத் திறந்து காட்டுகிறான். அந்த மரத்துப் பழம் என்ன என்று இவனிடம் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது? ஜன்னலைக் காட்டுகிறேன், வாயைக் காட்டுகிறேன். அவன் யோசித்து, பிஞ்சு வாழைக்காயைக் கடித்த மாதிரி முகத்தைச் சுருக்கி, நாக்கை வெளியே தள்ளிக் காட்டுகிறான். ஓ, துவர்ப்பா? அதுதான் ஒருவரும் அடிக்கவில்லையா? நல்ல பிள்ளைகள் என்று நினைத்தேன். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் பழமும் நன்றாக இல்லை. சிரிப்பு வருகிறது, சோறு புரையேறப் பார்க்கிறது. நிமிர்ந்தால் வகுப்பு மறுபடி அமைதி. எல்லோரும் முடித்துவிட்டார்கள், கைகள் மடியில். மறுபடி எனக்காகத்தான். இந்த முறை தெரியும். தட்டில் ஒரு வாய்ச் சோறு மிச்சம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எழுந்துவிடலாமா? யாருடைய முகத்திலும் சீக்கிரம் என்று இல்லை. கரண்டியால் ஒரு பருக்கை விடாமல் வழிக்கிறேன். தட்டின் அடியில் பேர் ஒன்றும் இல்லை, பார்த்தேன், வெறும் வெள்ளை. வாயில் போட்டுக்கொள்கிறேன்.

மிரு திரும்பிப் பார்க்கிறாள். உதடு சிவந்திருக்கிறது. பக்கத்தில் கொதோனேவும் திரும்பி, குச்சியைக் கீழே வைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்கிறாள். மிரு புருவத்தை மட்டும் தூக்குகிறாள், மத்தியானம் ஆகிவிட்டது. நாக்கு நுனியில் எல்லாம் வந்து நிற்கிறது: படுக்கும்முன் ஒரு முறை குத்திப் பார், தலைமாட்டில் மிட்டாய் வை, கொதோனேவின் அம்மாவிடம் இரண்டு விதப் புரளல் பற்றிச் சொல்லு, எனக்குப் போன் பண்ணு, இல்லாவிட்டால் வேண்டாம், நாளைக்குப் பகலில் மட்டும் போய்விட்டு வா. வாய் நிறையச் சோறு. வகுப்பே காத்திருக்கிறது. நான் தலையை ஆட்டினேன், நம் ஊர் ஆட்டல், இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு. கொதோனேவுக்கு அது சரி என்பதா மாட்டேன் என்பதா என்று தெரியவில்லை, மிருவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துத் தெரிந்துகொண்டாள்.